பழைய மஹிந்திரா ஜீப்புக்கு எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: முழுமையான வழிகாட்டி

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். கல்லும் பள்ளமுமான பாதை, ஃபோர் வீல் லோ, முதல் கியர். அந்த வேகத்தில் கிரில் வழியாக எதிர்க்காற்று என்று ஒன்றும் வராது. என்ஜினின் சூட்டை ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே வெளியே கொண்டுபோக வேண்டும். மலையேறும் வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன் உயிர்நாடி என்பது இதனால்தான். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எம்.எம். 540, சி.எல். 550, டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) என்ஜினோடு 2010-ல் வந்த 'தார்' ஜீப் என நம் பக்கம் ஓடும் பழைய மஹிந்திரா டீசல்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெஜோ வடிவமைத்த 2,112 சி.சி. எக்ஸ்.டி.பி. என்ஜின் ஆனாலும், 2,523 சி.சி. டி.ஐ. ஆனாலும் செய்முறை ஒன்றுதான். அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

முழுக்க நான் சொல்ல வருவது இதுதான்: ஃபேனை மாட்டுவது பாதி வேலைகூட இல்லை. அதற்குக் கரண்ட் போகும் வழியைச் சரியாக அமைப்பதுதான் வேலை. எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிய பிறகு ஹீட் ஆகும் வண்டிகளில் பெரும்பாலும் ஃபேன் நன்றாகவே இருக்கும். மெல்லிய வயரோ, தளர்ந்த எர்த்தோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), தவறான இடத்தில் வைத்த சென்சாரோதான் காரணமாக இருக்கும்.

மாற்றத்தான் வேண்டுமா?

பெல்ட்டில் ஓடும் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறது. என்ஜின் எந்த வேகமோ, ஃபேனும் அதற்கேற்ற வேகம். ஐடிலில் நிற்கும்போது காற்று அதிகம் தேவை. அப்போது மெதுவாகச் சுற்றும். தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். அப்போதுதான் முழு வேகத்தில் சுற்றும். ஃபேன் தின்னும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அறுபது குதிரைசக்தி அளவில் உள்ள என்ஜினுக்கு உயர்ந்த ஆர்.பி.எம்.மில் இது கணிசமான இழப்பு. குளிர்காலத்தில் மலை உச்சியில் காலையில் டீசல் என்ஜின் சூடேற நேரமாவதற்கும் ஓயாமல் சுற்றும் ஃபேன் ஒரு காரணம்.

ஆனால் என் பார்வையில் மாற்றுவதற்கான வலுவான காரணம் தண்ணீர். ஓடையில் இறங்கும்போது சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகள் தண்ணீரைத் தொட்டால், படகின் சுழலி போல முன்பக்கம் இழுக்கப்பட்டு வளையும். அப்படி வளைந்த இறக்கை ரேடியேட்டரின் பின்முகத்தை அறுத்துவிடும். அறுக்காமல் தப்பினாலும் தண்ணீரை வாரி ஆல்டர்னேட்டர் மேலும் வயரிங் மேலும் இறைக்கும். ஆற்றில் இறங்கும் முன் பெல்ட்டைக் கழற்றிவிடும் பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது. பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்பும் நிற்கும், சார்ஜிங்கும் நிற்கும். ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள வண்டியானால் பிரேக்கின் உதவியும் போய்விடும். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் சவாரி ஏற்றி மலையேறிப் பிழைக்கும் வண்டி, தண்ணீரில் இறங்குவதே இல்லை, இருக்கிற ஃபேனில் ஹீட் ஆகவும் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். பெல்ட்டில் ஓடும் பழைய இரும்பு ஃபேனுக்கு ஃபியூஸ் கிடையாது, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) கிடையாது. பெல்ட் இருக்கும்வரை சுற்றும். ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் அதுவே நல்லது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

"வண்டி ஹீட் ஆகுது, எலக்ட்ரிக் ஃபேன் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது ஹீட் ஆகிறது? நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் டெம்பரேச்சர் முள் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. ஃபேனோ ஷ்ரவுடோ (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு) காரணம். இந்த வேலை உதவும். நல்ல சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறுகிறது என்றால் எந்த ஃபேனும் காப்பாற்றாது. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு) முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தாள்) கசிவும் இதில் வரும்: குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தால் அங்கே பாருங்கள்.

பித்தளை ரேடியேட்டரானால், பட்டறையில் மேல், கீழ்த் தொட்டிகளின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் தட்டைக் கம்பி விட்டு அடைப்பெடுத்துத் தருவார்கள். எப்படியும் இந்த வேலைக்கு ரேடியேட்டரை இறக்கத்தான் போகிறோம். அப்போதே செய்துவிடுவது நல்லது.

மூடியை யாரும் கவனிப்பதில்லை. மலையில் அதுதான் முக்கியம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் அதே இடத்தில் கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டிவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், தெர்மோசுவிட்ச் (சூடு ஏறியதும் தானாக ஆன் ஆகும் சுவிட்ச்) ஃபேனைப் போடச் சொல்லும் முன்பே தண்ணீர் கொதித்து வெளியேறும். புது மூடி வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருந்த அழுத்தத்தையே வாங்குங்கள். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு அதைவிட அதிக அழுத்தம் கொடுத்தால் ஈயப் பற்று விடும்.

அளவெடுப்பதும் ஃபேன் தேர்வும்

ரேடியேட்டர் கோரின் (குழாய்களும் இறகுகளும் சேர்ந்த நடுப்பகுதி) அகலம், உயரம். கோரின் பின்முகத்திலிருந்து வாட்டர் பம்ப் புல்லியின் மூக்கு வரை உள்ள இடைவெளி. இந்த மூன்று அளவுகளையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இடைவெளியை அளக்கும்போது இரும்பு ஃபேனும் அதன் ஸ்பேசரும் (ஃபேனுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைத்துண்டு) இல்லாததாகக் கணக்கிட வேண்டும். ஃபேன் மோட்டார் பின்னால் புடைத்திருக்கும். அதற்கும் புல்லிக்கும் நடுவே குறைந்தது 20 மி.மீ. விடுங்கள். என்ஜின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்த வண்டியில், செங்குத்தான இறக்கத்தில் பிரேக் போட்டால் என்ஜின் முன்னால் வரும். ரப்பரை மாற்றிவிட்டு அளப்பது இன்னும் நல்லது.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுப்பதுதான் சிறந்த அமைப்பு. முன்னால் வைத்துத் தள்ளும் ஃபேன் இடம் இல்லாதபோது மட்டுமே. கோரின் முகத்தை மறைத்துக்கொண்டு எதிர்க்காற்றைத் தடுக்கும் என்பதோடு, கல்லும் சேறும் முதலில் அதன் மேல்தான் விழும்.

2.1 முதல் 2.5 லிட்டர் டீசலுக்கு 14 அல்லது 16 அங்குல ஒற்றை ஃபேன், அல்லது அகலமான கோரானால் 11, 12 அங்குலத்தில் இரட்டை ஃபேன் எடுக்கலாம். புதிதாக வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் காற்றின் அளவை அப்படியே நம்ப வேண்டாம். அது எதிரே தடையே இல்லாமல் அளந்தது. ரேடியேட்டரின் இறகுகள் வழியாக இழுக்கும்போது வெகுவாகக் குறையும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது அதைவிட நேர்மையான அடையாளம். 7, 8 ஆம்பியரில் ஓடும் ஃபேன் இந்த என்ஜினுக்குப் போதாது. 14 முதல் 20 ஆம்பியர் எதிர்பார்க்கலாம்.

பழைய பாகம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் எனக்கு அதுதான் விருப்பம். குறுக்காக என்ஜின் வைத்த கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் எலக்ட்ரிக் ஃபேன்தான் இருக்கும். சென்னை புதுப்பேட்டையில் ஷ்ரவுடோடு சேர்த்தே கிடைக்கும். ஏசி உள்ள டீசல் காரின் ஃபேனாகப் பாருங்கள். சின்ன பெட்ரோல் காரின் ஃபேன் பற்றாது. எடுக்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள்: கரகரப்பு இருக்கக் கூடாது, தண்டு ஆடக் கூடாது. பிறகு கடையிலேயே ஒரு பேட்டரியில் ஓடவிட்டு, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் வயர், ஃபியூஸ் எல்லாம் முடிவாகும்.

இழுக்கும் ஃபேனைத் தள்ளும் ஃபேனாக மாற்ற வேண்டி வந்தால் வயரை மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. காற்றின் திசை மாறும், ஆனால் வளைந்த இறக்கை தவறான முகத்தால் காற்றை வெட்டும். இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டு, வயரையும் மாற்ற வேண்டும்.

கரண்ட் கணக்கு

இதைப் போடாமல் ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். முதலில் வண்டி 12 வோல்ட்டா என்று பாருங்கள். ராணுவ ஏலத்தில் வந்ததானால் 24 ஆகவும் இருக்கலாம். பிறகு ஆல்டர்னேட்டரின் உடலில் இருக்கும் ஆம்பியர் அளவைப் படியுங்கள். அது நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் பாதி கிடைத்தாலே பெரிது.

இரவு, மழை, மலைப்பாதையில் ஒரு நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 8 ஆம்பியர். பின்விளக்கு, மீட்டர் விளக்குகளுக்கு 3. வைப்பருக்கு 4. ஃபேனுக்கு 15. மொத்தம் 30. ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் என்றால் காகிதத்தில் சரியாக வரும். ஐடிலில் பேட்டரியிலிருந்து உருவிக்கொண்டே இருக்கும். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்க ஃபேன் மெதுவாகும், ஃபேன் மெதுவாக என்ஜின் சூடாகும். டைனமோ வைத்த மிகப் பழைய வண்டியில் இந்த வேலையே வேண்டாம். முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வைத்திருப்பவர்கள் 60-க்கு மேல் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. ஃபேனுக்கு ஆகும் செலவைவிட இது அதிகமாக இருக்கலாம். ஆனாலும் தவிர்க்க முடியாத செலவு.

இரும்பு ஃபேனைக் கழற்றுதல்

என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். கூலன்ட்டைக் கீழ்க் குழாய் வழியாக வாளியில் பிடித்து மூடி வையுங்கள்; அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய், பூனை நக்கினால் உயிர் போகும். ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரை நிமிர்த்தி வெளியே எடுங்கள்.

ஃபேனைப் புல்லியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் ஃபேனும் ஸ்பேசரும் வந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த போல்ட்டுகள் ஃபேன், ஸ்பேசர், புல்லி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமுடையவை. புல்லியை மட்டும் வைத்து அதே போல்ட்டுகளை முறுக்கினால் நுனி உள்ளே போய் பம்பின் உடலில் முட்டும். அல்லது இறுகியது போலத் தோன்றி புல்லி ஆடும். ஃபேன் தட்டு, ஸ்பேசர் இரண்டின் கனத்தையும் கழித்து, அதே மரையில் 8.8 தரத்தில் குட்டை போல்ட் வாங்கி, மரைப் பசை தடவி மாட்டுங்கள். புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. பெல்ட் அப்படியே இருக்கும். பம்பையும் ஆல்டர்னேட்டரையும் அதுதான் ஓட்டுகிறது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. தாழ வேண்டும்.

கழற்றிய ஃபேன், ஸ்பேசர், பழைய போல்ட் எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி வண்டியிலேயே வையுங்கள். காட்டுக்குள் மோட்டார் கருகினால் இதை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம்.

ஷ்ரவுடும் பொருத்துதலும்

ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரிலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். சதுரமான கோரின் நான்கு மூலையும் வீண். எனவே கோர் முழுவதையும் மூடும் ஷ்ரவுட் கட்டாயம். காரிலிருந்து எடுத்தது அளவில் பொருந்தாவிட்டால், 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் 40 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பெட்டி செய்து, நடுவில் ஃபேனுக்கு வட்டம் வெட்டிக்கொள்ளலாம். கோரைத் தொடும் ஓரம் முழுவதும் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். ஓரத்து இடுக்குகளை விட்டுவைத்தால் ஃபேன் போனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும்.

ஷ்ரவுடின் மூலைகளில் உள்ளங்கை அளவு செவ்வகத் துளைகள் வெட்டி, பின்பக்கம் மெல்லிய ரப்பர் பட்டையை மேல் ஓரத்தில் மட்டும் ரிவெட் செய்து தொங்கவிடுங்கள். ஃபேன் இழுக்கும்போது ரப்பர் ஒட்டி மூடிக்கொள்ளும். வண்டி வேகமெடுத்தால் எதிர்க்காற்று அதைத் தள்ளித் திறந்து வெளியேறும். செலவே இல்லாத வேலை. ஆனால் சாலை வேகத்தில் ஹீட் ஆகும் புதுத் தலைவலி வராமல் காப்பது இதுதான்.

கோரின் இறகுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஊசி குத்தி ஃபேனைத் தொங்கவிடும் கிட்டுகள் விற்கின்றன. கல்லுப் பாதையில் ஓடும் வண்டிக்கு அவை வேண்டவே வேண்டாம். மோட்டாரின் எடை குலுங்கிக் குலுங்கி அந்த ஊசி குழாயை அறுக்கும். 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் மாட்டுங்கள். பித்தளைத் தொட்டியில் எதையும் தொங்கவிடக் கூடாது. நட்டெல்லாம் நைலாக் (தானாகத் தளராத நைலான் வளைய நட்), இடையில் ரப்பர் புஷ். இறக்கைக்கும் கோருக்கும் நடுவே குறைந்தது 15 மி.மீ. இருக்கட்டும். மோட்டார் உடலில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அது கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

தெர்மோசுவிட்ச் எங்கே, எத்தனை டிகிரி?

தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கினால் முழுதாகத் திறக்க 90-க்கு மேல் ஆகும். அதற்கும் கீழே ஃபேன் ஓடத் தொடங்கினால் நிற்கவே நிற்காது. எனவே சூடான தண்ணீர் வரும் மேல் பக்கத்தில் வைத்தால் 95-ல் ஆன், 90-ல் ஆஃப் ஆகும் சுவிட்ச் பொருந்தும். குளிர்ந்த தண்ணீர் போகும் கீழ்த் தொட்டியில் வைத்தால் அதைவிட 5 முதல் 10 டிகிரி குறைந்ததை எடுக்க வேண்டும். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் இந்தக் கணக்கில் மேலே ஏற்றிப் போக வேண்டாம். 100-ல் ஆன் ஆகும் சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அவை நம் மலைகளுக்கு அல்ல.

ரேடியேட்டர் பட்டறையில் இருக்கும்போதே பக்கத்தில் ஒரு பித்தளை மரை வளையத்தை ஈயம் வைத்துப் பற்றச் சொல்லுங்கள். பரவலாகக் கிடைக்கும் கார் சுவிட்சுகளின் மரை 22 மி.மீ., 1.5 பிட்ச். சுவிட்சைக் கையில் வாங்கிக்கொண்டு போய், அதற்குப் பொருத்தமாகவே மரை வெட்டச் சொல்வது உத்தமம். தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும்; உள்ளே காற்று தேங்கிய இடத்தில், அதாவது காற்றுப்பையில், மாட்டிய சுவிட்சுக்குச் சூடு தெரியாது.

பற்றவைக்க விருப்பமில்லை என்றால் மேல் ஹோஸை வெட்டி நடுவே மாட்டும் உலோகக் குழாய் அடாப்டர் இருக்கிறது. இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை சுவிட்சானால் அடாப்டரின் உடலிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுக்க வேண்டும். இரட்டை முனை சுவிட்ச் வாங்கினால் அந்தக் கவலையே இல்லை. ஹோஸ் வாய்க்குள் கம்பியை நுழைத்து கிளிப் போட்டு இறுக்கும் வகை என்றாவது ஒருநாள் கசியும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயரிங்

நான்கு முனை ரிலே ஒன்று, 12 வோல்ட், 40 ஆம்பியர். முனைகளில் 30, 87, 85, 86 என்று எண் இருக்கும். 30-க்கும் 87-க்கும் நடுவே ஃபேனின் பெரிய கரண்ட் ஓடும். 85, 86 ரிலேயின் காயில். அதில் ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் கீழே.

பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து தனி வயர் கிளம்பட்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முந்தைய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீயை நிறுத்த எதுவும் இல்லை. ஃபேன் ஓடும்போது இழுக்கும் ஆம்பியரைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே ஃபியூஸ் போடலாம்; 15 ஆம்பியர் ஃபேனுக்கு 25 அல்லது 30. கிளம்பும் கணத்தில் மோட்டார் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் இறுக்கமாக 20 போட்டால் அடிக்கடி போகும். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-க்கு. 87-லிருந்து ஃபேனின் பாசிட்டிவ்வுக்கு. ஃபேனின் நெகட்டிவ் அதே கனத்தில் நேராகப் பேட்டரி நெகட்டிவ்வுக்கு, அல்லது பெயின்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டுக்கு. ரேடியேட்டரின் உடலில் எர்த் கொடுக்கவே கூடாது. கூலன்ட் வழியாகக் கரண்ட் ஓடினால் ரேடியேட்டரும் ஹெட்டும் உள்ளிருந்து அரிக்கப்படும்.

வயர் கனம் 4 சதுர மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஏன் என்று பாருங்கள். போகவும் வரவும் மொத்தம் 6 மீட்டர், 20 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும். 4-ல் அரை வோல்ட்தான். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய ஃபேனுக்கு 12 வோல்ட் கிடைத்தால் சுற்றத்தான் செய்யும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் மலையேற்றத்தில் தேவைப்படும் காற்று வராது. வீட்டு வயரிங்குக்கான கெட்டிக் கம்பி வேண்டாம், அதிர்வில் முறியும். பல இழைகள் கொண்ட ஆட்டோமொபைல் வயர் வாங்கி, வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி), ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது மழை நனைந்து சேறு படியும் வண்டிக்கு ஆகாது.

இனி காயில் பக்கம். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள். 85-ஐ டாஷ்போர்டில் உள்ள மூன்று நிலை சுவிட்சின் நடு முனைக்குக் கொண்டுபோங்கள். சுவிட்சின் ஒரு பக்க முனை தெர்மோசுவிட்சுக்கு, அங்கிருந்து எர்த்துக்கு: இது ஆட்டோ. மறுபக்க முனை நேராக எர்த்துக்கு: இது எப்போதும் ஆன். நடுவில் நிறுத்தினால் ஆஃப். இந்த வயர்கள் எல்லாம் 1 சதுர மி.மீ. போதும்.

87-லிருந்து ஒரு மெல்லிய வயரை, சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்து, டாஷ்போர்டில் பச்சை விளக்குக்கு இழுங்கள். சுவிட்ச் போட்டதும் எரிகிற விளக்கால் பயனில்லை. ரிலே உண்மையிலேயே கரண்ட் தருகிறதா என்று காட்டும் விளக்குதான் வேண்டும்.

ஃபேனை ரிலே இல்லாமல் நேராகச் சாவி லைனில் மாட்டுகிறவர்கள் உண்டு. சாவி சுவிட்சின் முனை கருகும். அதோடு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றில் சுற்றும் ஃபேன் ஒரு சிறு ஜெனரேட்டராக மாறும். சாவியை அணைத்த பிறகும் அந்தக் கரண்ட் பின்வழியாக ஓடி, டீசல் நிறுத்தும் சொலினாய்டைச் சற்றுநேரம் பிடித்துவைக்கக்கூடும். ரிலே இருந்தால் இந்தப் பாதையே இல்லை.

ரிலேயை ஃபயர்வாலில் எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். வயர் கீழே இறங்கி வளைந்து பிறகு மேலேறட்டும். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஏசி உள்ள வண்டியானால் கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் ஃபேனும் ஓட வேண்டும்; அதற்கு ஏசி மெக்கானிக்கிடம் கம்ப்ரசர் லைனிலிருந்து இரண்டாவது ரிலே ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓடவிட்டுச் சோதித்தல்

கூலன்ட் நிரப்பி, ரேடியேட்டர் மூடி திறந்த நிலையில் ஐடிலில் விடுங்கள். வண்டியின் மூக்கு சற்று உயர நின்றால் காற்று எளிதாக வெளியேறும். முதலில் சுவிட்சை "ஆன்" நிலையில் வைத்து, கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் திசை சரி. பறந்தால் வயரை மாற்றுங்கள்.

அடுத்து மல்ட்டிமீட்டர். என்ஜினும் ஃபேனும் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஒரு அளவு, ஃபேன் முனைகளில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ இணைப்பு மோசம். பாசிட்டிவ் பக்கமும் எர்த் பக்கமும் தனித்தனியாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும். பழைய வண்டிகளில் அநேகமாக எர்த்தாகத்தான் இருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை, மூடி திறந்திருக்கும்போதே, கூலன்ட்டிலும் வைத்துப் பாருங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ரேடியேட்டர் வழியாகக் கரண்ட் கசிகிறது.

பிறகு மூடியைப் போட்டு, "ஆட்டோ"வில் விட்டுக் காத்திருங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாவது தெர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம். அதன் பிறகு ஃபேன் கிளம்ப வேண்டும், சில நிமிடங்களில் நிற்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். நிற்காமலே ஓடினால் சுவிட்சின் டிகிரி குறைவு, அல்லது ரேடியேட்டர் சூட்டை விடவில்லை. கிளம்பவே இல்லை, முள் ஏறுகிறது என்றால் சுவிட்ச் காற்றுப்பையில் இருக்கிறதா, எர்த் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடான மூடியை அவசரத்தில் திறக்காதீர்கள்.

முதல் பயணத்தை ஆளில்லாக் காட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றத்தில், பாரம் ஏற்றி, இரண்டாவது கியரில் போய்ப் பாருங்கள். மேலே சேர்ந்ததும் உடனே என்ஜினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். சாவியை எடுத்ததும் நாம் கொடுத்த வயரிங்கில் ஃபேனும் நின்றுவிடும், பம்பும் நின்றுவிடும்.

ஆற்றில் இறங்கும்போது

கரையில் நிறுத்தி, சுவிட்சை நடுவில் வைத்து, ஃபேன் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு இறங்குங்கள். நின்ற இறக்கைக்குத் தண்ணீரால் பெரிய தீங்கில்லை. ஆனால் சூடான மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நேரமிருந்தால் கரையில் ஐந்து நிமிடம் ஆறவிடுவது மோட்டாரின் ஆயுளைக் கூட்டும்.

அக்கரை ஏறியதும் சுவிட்சைத் திரும்ப ஆட்டோவில் போட வேண்டும். இந்த மாற்றத்தின் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தண்ணீரைக் கடந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டு எதிர்மேட்டில் ஏறினால் சில நிமிடங்களில் ஹெட் போய்விடும். ஆஃப் நிலையில் சிவப்பு விளக்கு எரியும்படி, கூடுதல் முனைகள் உள்ள சுவிட்ச் ஒன்றை வாங்குங்கள். பக்கத்தில் அமர்பவரிடமும் சொல்லிவைக்கலாம். போடும் முன் போனட்டைத் திறந்து, இறக்கையில் புல்லோ கொடியோ சிக்கியிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். சிக்கிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் ஃபியூஸ் போகும். பெரிதாக ஃபியூஸ் போட்டிருந்தால் மோட்டாரே போகும்.

சேற்றில் ஆடிய வண்டியின் கோரை வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் இறகுகள் மடிந்துவிடும்.

முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் நட்டுகளையும் புல்லி போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஃபேன் பத்து நிமிடம் ஓடிய பிறகு ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. தொட முடியாத சூடு என்றால் அந்த முனை தளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உருகும் முன் லக்கை மாற்றிவிடுங்கள்.